அப்பாவின் மோரிஸ் மைனர் சாமான்கள்: மொத்தமாகக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் இருந்து எழுதுகிறேன். அப்பா எஸ்டேட்டில் டிரைவராக இருந்தவர். 1966-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் காடியை 30 வருடத்துக்கு மேல் ஓட்டினார். காடியை 2009-இல் தைப்பிங்காரர் ஒருவருக்கு விற்றோம். அப்பா போன வருடம் தவறிவிட்டார். கொட்டகையில் அவர் சேர்த்து வைத்த இஞ்சின் சாமான்கள் கிடக்கின்றன. பிஸ்டன் இல்லாத பிளாக் ஒன்று (தகட்டில் எண் 10எம்ஏ என்று தொடங்குகிறது), ஹெட் ஒன்று (12ஜி202), கிராங்க், அதன் பேரிங் ஷெல்கள் (முதுகில் 020), எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு, லூகாஸ் டிஸ்டிரிபியூட்டர், டைனமோ, பிரிக்காத ஹெப்போலைட் பிஸ்டன் செட் (பெட்டியில் 040), பழைய கேஸ்கெட் ஒரு கட்டு. பழைய சாமான் வாங்கும் ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 900 வெள்ளி தருகிறேன் என்கிறார். இன்னொருவர், “இது கூப்பர் ஹெட், இதற்கு மட்டுமே அவ்வளவு கிடைக்கும்” என்கிறார். தம்பி, எல்லாவற்றையும் சேண்ட் பிளாஸ்ட் பண்ணி பெயிண்ட் அடித்தால் நல்ல விலை போகும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: வணக்கம் சகோதரி. முதல் வேலையாகத் தம்பியை நிறுத்துங்கள். மணல் பீய்ச்சி அடித்த பிளாக்கையும் கிராங்கையும் விவரம் தெரிந்தவர் தொடத் தயங்குவார். உள்ளே ஓடும் எண்ணெய்த் துளைகளில் மணல் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் நாலு துகளாவது தங்கிவிடும். இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அந்தத் துகள் எண்ணெயோடு கிளம்பிப் புது பேரிங்கைக் கீறும். பெயிண்டும் கெடுதல்தான். ஹெட்டில் உள்ள மெல்லிய வெடிப்பை அது மூடிவிடும், வாங்க வருகிறவருக்கு எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். இப்போதைக்குத் தேவை மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ், பழந்துணி. கம்பி பிரஷ் வேண்டாம்.

900 வெள்ளி நியாயமா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரு சாமானையும் யாரும் அளக்கவில்லை. அளக்காத சாமானை வாங்குகிறவர், எல்லாமே கெட்டுப்போயிருந்தால் தனக்கு நட்டம் வரக்கூடாது என்று கணக்குப் போட்டுத்தான் விலை சொல்வார். அவரைக் குறை சொல்லமுடியாது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியது உங்கள் பக்கம். இரண்டு சனிக்கிழமையும் மெஷின் ஷாப்பில் கொஞ்சம் செலவும் போதும்.

பழைய இஞ்சின் பாகத்துக்கு விலை வைக்கும்போது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி: இன்னும் ஒரு தடவை மெஷினில் ஏற்றிச் சீவினால் இது தாங்குமா? கிராங்க், பிளாக், ஹெட் மூன்றுமே ஒவ்வொரு ரிப்பேரிலும் கொஞ்சம் கொஞ்சமாக இரும்பை இழப்பவை. மிச்சம் இருக்கும் இரும்புக்குத்தான் காசு. கீழே நான் சொல்லும் அளவுகள் எல்லாம் அந்த மிச்சத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். 10எம்ஏ என்பது 1098 சிசி மைனர் இஞ்சினின் அடையாளம். 1962-இல் இருந்து மைனருக்கு இதுதான் வந்தது, 1966 காடிக்குச் சரியாகப் பொருந்துகிறது. அதற்கு முந்திய 948 சிசி இஞ்சின் வேறு. இது பிஎம்சியின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ஏ-சீரிஸ் இஞ்சின் குடும்பம். 1951-இல் ஆஸ்டின் ஏ30-இல் தொடங்கி 2000-இல் கடைசி மினி வரை இந்தக் குடும்பம் ஓடியது. ஆகவே உங்கள் சாமானை வாங்கக்கூடியவர்கள் மைனர்காரர்கள் மட்டுமில்லை. மினி, ஸ்பிரைட், ஏ40 வைத்திருப்பவர்களுக்கும் சிலது ஆகும். நம் நாட்டில் மினிக்கு இருக்கும் கூட்டம் உங்களுக்குச் சாதகம்.

12ஜி202 கூப்பர் ஹெட் இல்லை. 998 சிசி மினி கூப்பரில் வந்தது 12ஜி295. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ராக்கர் கவரைக் கழற்றி வார்ப்பு எண்ணைப் படித்தால்தான் தெரியும். உங்களிடம் உள்ளது சாதாரண 1100 ஹெட், அதாவது அந்த பிளாக்கின் சொந்த ஹெட் வகை. அதற்காக மனம் தளரவேண்டாம். 850 மினியின் ஹெட்டைவிட இதன் இன்லெட் வால்வு பெரியது, அதனால் சின்ன இஞ்சின் மினிக்காரர்கள் தேடி வாங்குவார்கள். ஆனால் “கூப்பர் ஹெட்” என்று மட்டும் விளம்பரம் போட்டுவிடாதீர்கள். வருகிறவர் முதலில் எண்ணைத்தான் பார்ப்பார். அது பொய் என்று தெரிந்தால் நீங்கள் சொல்லும் மற்ற உண்மையையும் நம்பமாட்டார்.

இப்போது கிராங்க், அதாவது பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. இந்தக் குவியலில் விலை அதிகம் ஏறி இறங்கக்கூடியது இதுதான்.

ஏ-சீரிஸ் கிராங்கில் மெயின் ஜர்னல் (பிளாக்கில் உட்கார்ந்து சுழலும் உருளைப் பகுதி) 3, கனெக்டிங் ராட் உட்காரும் பின் 4. புதிதாக வந்தபோது மெயின் ஜர்னலின் குறுக்களவு 1.7505 முதல் 1.7510 அங்குலம், பின்னின் குறுக்களவு 1.6254 முதல் 1.6259 அங்குலம். தேய்ந்தால் கிரைண்டிங் மெஷினில் சுற்றிலும் சீவி, அதற்கேற்பத் தடித்த ஷெல் போடுவார்கள். ஒவ்வொரு படியும் 0.010 அங்குலம். பட்டறையில் 10 தவ் என்பார்கள், ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஷெல் 010, 020, 030, 040 என்று வரும். 040-க்குப் பிறகு கிராங்க் அநேகமாகக் கதை முடிந்தது.

உங்கள் ஷெல் முதுகில் 020 என்று இருப்பதால் கிராங்க் ஏற்கெனவே 20 தவ் சீவப்பட்டது என்று ஊகிக்கலாம். ஆனால் ஷெல்லை மட்டும் நம்பவேண்டாம். பழைய பெட்டிகளில் ஒரு கிராங்கோடு இன்னொன்றின் ஷெல் கலந்து கிடப்பது சகஜம். மெயினுக்கு ஓர் அளவும் பின்னுக்கு வேறு அளவும் சீவியிருப்பதும் உண்டு. 25 முதல் 50 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர் வேண்டும். வெர்னியர் காலிப்பரை வைத்து ஜர்னலை அளக்காதீர்கள், அதில் ஒரு தவ் வித்தியாசத்தை நம்பிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஜர்னலிலும் முன், பின் இரண்டு இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு முறை அளக்கவேண்டும். 7 ஜர்னலுக்கு மொத்தம் 28 அளவு. 020 சரியாக இருந்தால் மெயின் சுமார் 43.96 மி.மீ., பின் சுமார் 40.78 மி.மீ. வரும்.

குறுக்காக எடுத்த இரண்டு அளவுக்குள் ஒரு தவ்வுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஜர்னல் முட்டை வடிவமாகத் தேய்ந்துவிட்டது, கிரைண்டிங் தேவை. அளவு சரியாக இருந்து, கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது எங்கும் மாட்டவில்லை என்றால் பாலிஷ் பண்ணி, புது 020 ஷெல் போட்டு அப்படியே ஓட்டலாம். அப்படிப்பட்ட கிராங்குக்கு நல்ல விலை. நகம் மாட்டினால் 030-க்குப் போகவேண்டும், அதற்குப் பிறகு 040 ஒன்றுதான் பாக்கி. இரண்டு வாய்ப்பு மிச்சம் உள்ள கிராங்குக்கும் ஒன்றுமே மிச்சமில்லாத கிராங்குக்கும் கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. இதனால்தான் அளவு எழுதிய தாளுக்கு மதிப்பு.

அடுத்தது வெடிப்பு. 1098-இன் ஸ்டிரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 83.7 மி.மீ., 948-இல் அது 76.2 மி.மீ. மட்டும். ஸ்டிரோக்கை நீட்டினார்கள், ஆனால் மைனரில் மெயின் ஜர்னலை அதே 1.75 அங்குலத்திலேயே விட்டுவிட்டார்கள். அதனால் இந்தக் கிராங்க் வேகமாகச் சுற்றும்போது வளைந்து கொடுக்கும், மூலைகளில் வெடிப்பு விழும். இதே 1098-ஐ ஸ்பிரைட்டிலும் மிட்ஜெட்டிலும் போட்டபோது, பிற்பாடு மெயின் ஜர்னலை 2 அங்குலமாகத் தடிமனாக்கினார்கள். அதில் இருந்தே பிரச்சினை எங்கே என்று தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. முன் முனையில் உள்ள பல்சக்கரமும் பின்னால் ஃபிளைவீலும் கழற்றியிருக்க வேண்டும். கிராங்கைத் துடைத்து, கெட்டியான கயிற்றில் கட்டி, எதிலும் இடிக்காமல் தொங்கவிடுங்கள். சின்னச் சுத்தியலால் பக்கவாட்டு எடையில் லேசாகத் தட்டுங்கள். நல்ல கிராங்க் கோயில் மணி மாதிரி கணீரென்று ஒலித்து, ஒலி கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு போகும். வெடித்தது ‘டொக்’ என்று செத்த சத்தம் கொடுக்கும். டொக் என்றால் கிட்டத்தட்ட நிச்சயம், அதற்கு மேல் செலவு பண்ணாதீர்கள். கணீர் என்றால் மட்டும் மெஷின் ஷாப்புக்கு எடுத்துப்போய் காந்தத்தூள் சோதனை பண்ணச் சொல்லுங்கள். மணி ஒலித்தாலும் ஜர்னலின் ஓர வளைவில் முடி அளவு வெடிப்பு இருக்கலாம், அதைக் காந்தத்தூள்தான் காட்டும்.

கிராங்கின் பின் முனையில் திருகு மாதிரி வெட்டிய மரை இருக்கும். மைனர் இஞ்சினில் பின்பக்கம் ரப்பர் ஆயில் சீல் கிடையாது, அந்த மரைதான் எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். அது நசுங்கியோ துருப்பிடித்தோ இருந்தால் கிளட்சில் எண்ணெய் ஒழுகும். பலர் இதைப் பார்க்காமல் வாங்கிப் பிறகு வருந்துவார்கள். நல்ல நிலையில் இருந்தால் கிட்டப்போய் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஹெட்டுக்கு வருவோம். ஏ-சீரிஸ் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வழி மூன்றுதான். நடுவில் உள்ள 2, 3-ஆம் சிலிண்டர்கள் இரண்டுக்கும் ஒரே வழி. சூடெல்லாம் நடுவில் குவிவதால் அந்த இரண்டு சிலிண்டரின் இன்லெட் வால்வுக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் இடையில் உள்ள ஒடுக்கமான இரும்பில்தான் வெடிப்பு விழும். கரியை மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி 10 நிமிடம் விடுங்கள். பிறகு நன்றாகத் துடைத்து, பள்ளிக்கூடச் சுண்ணக்கட்டியைப் பொடியாக்கித் தூவுங்கள். வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே வந்து வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு போடும். கோடு வால்வு சீட்டில் இருந்து சீட்டுக்குப் போனால், சீட் இன்சர்ட் (சீட்டுக்குப் பதில் பதிக்கும் தனி வளையம்) போடும்போது சில நேரம் அது மறைந்துவிடும், ஹெட்டைக் காப்பாற்றலாம். ஆழமாகத் தண்ணீர் ஓடும் இடம் வரை போயிருந்தால் அந்த ஹெட் பழைய இரும்புதான். எது என்று தீர்மானிக்க மெஷின் ஷாப்பில் அழுத்தச் சோதனை பண்ணவேண்டும்.

ஹெட்டின் உயரத்தையும் அளங்கள். இதற்கு வெர்னியர் போதும். கேஸ்கெட் முகத்தில் இருந்து ராக்கர் கவர் உட்காரும் முகம் வரை புதிதாக 2.75 அங்குலம், அதாவது 69.85 மி.மீ. நாலு மூலையிலும் அளந்தால் இதுவரை எவ்வளவு ஸ்கிம் பண்ணியிருக்கிறார்கள், அதாவது முகத்தைச் சீவி மட்டமாக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். நாலு மூலையும் ஒரே அளவாக இல்லை என்றால் யாரோ கோணலாகச் சீவியிருக்கிறார்கள். கேஸ்கெட் முகத்தில் நேரான இரும்புப் பட்டையை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.003 அங்குலத் தகடு நுழைந்தால் ஸ்கிம் தேவை.

வால்வு கசிகிறதா என்று பார்க்க, ஸ்பார்க் பிளக்கை மாட்டிவிட்டு ஹெட்டை மல்லாக்க வைத்து, ஒவ்வொரு குழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். கால் மணி நேரத்தில் எந்த வழியில் ஈரம் தெரிகிறதோ அந்த வால்வு கசிகிறது. இதற்காக விலையை அதிகம் குறைக்கவேண்டாம், வால்வும் கைடும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. எக்ஸாஸ்ட் சீட்டை மட்டும் உற்றுப் பாருங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஹெட் இது. ஈயமில்லாத பெட்ரோலில் ஓடினால் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு மெல்ல உள்ளே புதையும். சீட்டைச் சுற்றி வேறு நிறத்தில் வளையம் தெரிந்தால் கடினமான இன்சர்ட் போட்டிருக்கிறார்கள். அது ஒரு பெரிய செலவை மிச்சப்படுத்தும், விளம்பரத்தில் கட்டாயம் எழுதுங்கள். ஹெட்டின் முன்புறம் அடியில் வாட்டர் பம்ப்புக்குப் போகும் சின்னக் குழாய்த் துண்டு ஒன்று இருக்கும். அது துருவில் ஓட்டை விழுவது வழக்கம், மாற்றலாம், பயப்படவேண்டாம்.

பிளாக்குக்கு ஒரு கேள்விதான் முதலில். மெயின் கேப் மூன்றும் இருக்கிறதா? கிராங்கை அடியில் இருந்து பிடித்துக்கொள்ளும் கனமான வார்ப்புத் துண்டுகள் அவை. தொழிற்சாலையில் கேப்பை முடுக்கிய நிலையில்தான் அந்தத் துளையைக் கடைந்தார்கள், அதனால் இன்னொரு பிளாக்கின் கேப் இதற்கு ஆகாது. கேப் இல்லாத பிளாக்கை வாங்குகிறவர் வேறு கேப் போட்டு லைன் போரிங் பண்ணவேண்டும், அதாவது மூன்று துளையையும் ஒரே நேர்கோட்டில் மறுபடி கடையவேண்டும், அந்தச் செலவுக்கு அவர் வேறு பிளாக்கே வாங்கிவிடுவார். கொட்டகையில் உள்ள பால் டின், பிஸ்கட் டின் எல்லாவற்றையும் கொட்டித் தேடுங்கள். கனெக்டிங் ராடின் கேப்புக்கும் இதே கதைதான்.

சிலிண்டரின் புது அளவு 64.58 மி.மீ. உங்களிடம் 040 பிஸ்டன் இருப்பதால், அது உட்கார சுமார் 65.6 மி.மீ. வரை கடையவேண்டும். போரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்தில், குறுக்கும் நெடுக்குமாக போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். நாலு போரும் 65.6-க்குக் குறைவாக இருந்து, துருக்குழிகள் ஆழமாக இல்லை என்றால், பிளாக்கும் அந்த பிஸ்டன் செட்டும் ஜோடி சேர்ந்துவிடும். அப்பா அந்த நோக்கத்தில்தான் 040 வாங்கி வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அப்படியானால் இரண்டையும் பிரிக்காமல் விற்பது நல்லது. ஏற்கெனவே 040-இல் கடைந்து தேய்ந்துபோன பிளாக் என்றால் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் செருகும் புது உறை) போடவேண்டிவரும், விலை பாதிக்கும் கீழே போகும்.

இங்கிலாந்தில் எழுதிய கையேடுகள் பனியில் தண்ணீர் உறைந்து பிளாக் வெடித்ததா என்று பார்க்கச் சொல்லும். நம் ஊரில் அந்தக் கவலை இல்லை. இங்கே எதிரி துரு. வெறும் பைப் தண்ணீர் ஊற்றியே வருடக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடு மூடிகள் அரித்திருக்கும், பின் சிலிண்டரைச் சுற்றி உள்ளே செங்கல் நிறத்தில் சேறு இறுகியிருக்கும். மூடி மாற்றுவது சின்ன வேலை. சேற்றை எடுக்காமல் ஓட்டினால்தான் ஹெட் சூடாகி மேலே சொன்ன வெடிப்பு வருகிறது.

பிஸ்டன் பெட்டியை மெதுவாகத் திறந்து பாருங்கள், ஆனால் ரிங்கைக் கழற்றாதீர்கள், பழைய ரிங் பட்டென்று ஒடியும். நாலு பிஸ்டனின் தலையிலும் அளவு பொறித்திருக்கும், பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அலுமினியத்தில் வெள்ளை அரிப்பு இல்லை என்று உறுதிசெய்து மூடிவிடுங்கள். அட்டைப் பெட்டியும் விலையில் ஒரு பங்குதான், கிழியாமல் வையுங்கள்.

எஸ்யூ கார்புரேட்டர் இரண்டும் ஒரே மாதிரியா? ஃபுளோட் சேம்பர் மூடி ஸ்குரூவில் சின்ன அலுமினியத் தகடு மாட்டியிருந்தால் அதில் ஏயூடி என்று தொடங்கும் எண் இருக்கும். எந்தக் காடியின் கார்புரேட்டர் என்பதற்கு அதுதான் சாட்சி, தொலைத்துவிடாதீர்கள். மைனருக்கு ஒன்று போதும். இரண்டும் ஒரே எண் என்றால் இரட்டை கார்புரேட்டர் காடியில் இருந்து வந்த ஜோடியாக இருக்கலாம், ஜோடியாக விற்றால் இன்னும் மதிப்பு. திராட்டில் தண்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் தண்டும் புஷ்ஷும் மாற்றவேண்டும், அதற்கு முன் ஐடிலை எப்படிச் சரிபண்ணினாலும் நிற்காது. மேலே உள்ள மணி மூடியும் உள்ளே வழுக்கி ஓடும் பிஸ்டனும் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. இரண்டு கார்புரேட்டரையும் ஒரே நேரத்தில் பிரிக்கவேண்டாம், கலந்துவிட்டால் இரண்டுமே கெடும். காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவது சிலர் பழக்கம், அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

டிஸ்டிரிபியூட்டரின் உடலில் மாடல் எண்ணும் உற்பத்தித் தேதியும் பொறித்திருக்கும். 1098 மைனருக்கு 25டி4 என்ற மாடல் சரி. தண்டு பக்கவாட்டில் ஆடக்கூடாது. வேக்குவம் குழாயில் வாயை வைத்து உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர்ந்து, நாக்கால் அடைத்திருக்கும்வரை அப்படியே நிற்கவேண்டும். நிற்கவில்லை என்றால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது.

டைனமோவின் இரண்டு டெர்மினலையும் ஒரு வயரால் இணைத்து, அதை 12 வோல்ட் பேட்டரியின் ஒரு முனையிலும், டைனமோ உடலை மற்ற முனையிலும் தொடவைத்தால் மோட்டார் மாதிரி மெதுவாகச் சுற்றவேண்டும். சுற்றினால் பெரும்பாலும் நல்லது. இது போதும், டைனமோவுக்கு நிறைய நேரம் செலவழிக்கவேண்டாம்.

பழைய கேஸ்கெட் கட்டைப் பற்றி எச்சரிக்கை. அந்தக் காலத்து ஹெட் கேஸ்கெட், எக்ஸாஸ்ட் கேஸ்கெட் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தேய்க்கவோ, ஊதவோ, உடைக்கவோ வேண்டாம். லேசாகத் தண்ணீர் தெளித்து, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டித் தனியாக வையுங்கள், பிள்ளைகள் எடுக்காத இடத்தில். விற்பனைக்கு அவற்றைச் சேர்க்கவேண்டாம். கார்க் கேஸ்கெட் இறுகிப்போயிருக்கும், அதற்கும் விலை இல்லை.

இனி விலை. பிஸ்டன், வால்வு, ஷெல், கேஸ்கெட் போன்ற தேயும் சாமான்கள் மைனருக்கு இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆகவே பழையது என்பதற்காக அவற்றுக்கு அபூர்வ விலை கிடைக்காது. வார்ப்புகளுக்குத்தான் தேவை: பிளாக், கிராங்க், ஹெட். அங்குள்ள மைனர் சாமான் கடைகளின் விலைப்பட்டியலைப் பாருங்கள். ரிப்பேர் பண்ணிய கிராங்குக்கோ ஹெட்டுக்கோ ஒரு விலையும், பக்கத்தில் பழையதைத் திருப்பிக் கொடுக்கும்வரை பிடித்து வைக்கும் முன்பணம் ஒன்றும் போட்டிருப்பார்கள். மறுபடி வேலை செய்ய ஏற்ற பழைய சாமானுக்கு அந்தக் கடைக்காரர் வைத்திருக்கும் மதிப்பு அந்த முன்பணம்தான். வெடிப்பில்லை என்று சோதித்த உங்கள் சாமானுக்கு அதைவிடக் குறைவாகக் கேட்க ஒரு காரணமும் இல்லை.

மேல் எல்லையை இப்படிக் கணக்கிடுங்கள். ரிப்பேர் பண்ணிய அதே சாமானை அங்கிருந்து வாங்கி, கப்பல் கூலி கொடுத்து, இங்கே வரி கட்டி இறக்க எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். கிராங்கும் ஹெட்டும் கனமானவை என்பதால் கப்பல் கூலியே கணிசமாக வரும், அதுவும் உங்களுக்குச் சாதகம். அந்தத் தொகையில் இருந்து, உங்கள் சாமானை அதே நிலைக்குக் கொண்டுவர மெஷின் ஷாப் கேட்கும் கூலியைக் கழியுங்கள். மிஞ்சுவதில் முக்கால் பங்கு கேட்பது நியாயம், பாதிக்குக் கீழே இறங்கவேண்டாம். அளக்காத, சோதிக்காத சாமானுக்கு என் கணக்கில் கால் பங்குக்கு மேல் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

சிலர் ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் இதே மாதிரி சாமான் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து வந்து விலை வைப்பார்கள். அங்கே விற்பவரும் அளந்து விற்பதில்லை, வாங்குபவரும் அளந்து வாங்குவதில்லை. வேடிக்கை பார்க்க நல்ல இடம், உங்கள் கிராங்குக்கு அளவுகோல் ஆகாது.

மெஷின் ஷாப்பைத் தேர்ந்தெடுக்கும்போது லாரி, மீன்பிடிப் படகு இஞ்சினுக்குக் கிராங்க் கிரைண்டிங் பண்ணும் இடமாகப் பாருங்கள். பட்டர்வொர்த், பிறைப் பக்கம் அப்படிப்பட்டவை உண்டு. “அளந்து எழுதிக் கொடுங்கள், காந்தத்தூள் சோதனை பண்ணுங்கள், வேறு எதையும் தொடவேண்டாம்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். கூலியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மணி சோதனையிலும் சுண்ணப்பொடி சோதனையிலும் தேறாததைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம்.

பிளாக்கை விற்பதற்கு முன் இன்னொரு வேலை. அப்பாவின் காடியின் பழைய கிராண் (பதிவு அட்டை) நகல் வீட்டில் இருந்தால், அதில் உள்ள இஞ்சின் எண்ணையும் பிளாக்கின் தகட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் இது அந்தக் காடியோடு பிறந்த பிளாக். இடையில் வேறு இஞ்சின் மாற்றியிருக்கிறார்கள். அப்போது இதற்கு அதிக விலை கொடுக்கக்கூடியவர் அந்தத் தைப்பிங்காரர்தான், அல்லது அவரிடம் இருந்து காடியை வாங்கியவர். சொந்த எண் உள்ள இஞ்சின் திரும்பச் சேர்ந்தால் காடியின் மதிப்பே கூடும். முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள். இஞ்சின் மாற்றினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதியவேண்டும், புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் பரிசோதனையும் உண்டு. அதை வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார். உங்கள் பங்குக்கு, தகட்டைக் கழற்றாதீர்கள், ரிவெட்டைத் தொடாதீர்கள். பிளாக் எண், தேதி, தொகை, வாங்குபவர் பெயர், ஐசி எண் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட ரசீது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை சாமான்களைச் சிமெண்டுத் தரையில் இருந்து எடுத்துப் பலகை மேல் வையுங்கள். ஜர்னலுக்கும் போருக்கும் புது இஞ்சின் எண்ணெயைத் தாராளமாகத் தடவி, எண்ணெயில் நனைத்த துணியால் சுற்றுங்கள். செய்தித்தாளில் சுற்றவேண்டாம், அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டினாலும் நம் வெயிலுக்கு உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். கிராங்கைப் படுக்க வைக்காமல் ஃபிளைவீல் மாட்டும் தட்டையான முனை கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி, சாயாமல் சுவரோரம் கயிறு கட்டிவிடுங்கள். வருடக்கணக்கில் படுத்தே கிடந்திருந்தால், நேராக இருக்கிறதா என்று மெஷின் ஷாப்பில் வி-பிளாக் மேல் வைத்து டயல் கேஜில் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கும் 28 அளவு எடுக்கும் அதே நாளில் நேரம் போதும்.

900 வெள்ளி சொன்னவரிடம் சண்டை வேண்டாம். அளவுத் தாள் கையில் வந்ததும் அவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.